தேனீப் பெட்டிக்குள்ள வைரஸ் வந்தால்: உரும்பிராயில கண்டதும் செய்ததும்

"மருந்து இருக்கோ?" எண்டுதான் போன் எடுக்கிற எல்லாரும் முதல் கேக்கினம். இல்லை. தேனீக்கு வாற வைரசுக்குக் கடையில வாங்கிக் கரைச்சு ஊத்திற மருந்து இங்க இல்லை. கொஞ்சப்பேர் ஆடு மாட்டுக்குக் குடுக்கிற அன்ரிபயோற்றிக் பவுடரைச் சீனிப்பாணியில கரைச்சு வைக்கினம், அது பற்றீரியாவுக்கு வேலை செய்யிற சாமான், வைரசுக்கு அதால ஒரு சேதமும் வராது, தேனீயின்ர குடலுக்குள்ள இருக்கிற நல்ல கிருமியளைத்தான் அது கொல்லும், பேந்து அந்த மருந்து தேனிலயும் வந்து நிக்கும். காசையும் குடுத்து இருக்கிற தேனீயையும் மெலிய வைக்கிற வேலை அது.

மருந்து இல்லை எண்டவுடன ஒண்டும் செய்யேலாது எண்டு கையை விரிச்சிடாதேங்கோ. வைரஸ் எந்த வழியால போகுது எண்டு விளங்கினால் கன வழியை மறிக்கலாம், ஏனெண்டால் அதில கன வழி எங்கட கையாலதான் திறபடுது. மிச்ச வழி தேனீயின்ர பழக்கத்தால வாறது, அதை மாத்தேலாது, ஆனா அதுக்குத் தக்கமாதிரி பெட்டியை வைக்கலாம்.

எங்கட வளவு யாழ்ப்பாணத்து உரும்பிராயில. செம்மண் தறை, சுத்திவரத் தோட்டம், பின்வளவில தென்னை, முருங்கை, வேம்பு, எல்லையில பனை. வச்சிருக்கிறது எங்கட நாட்டுத் தேனீதான், பொந்துக்குள்ள இருட்டில அடுக்கடுக்கா வதை கட்டிறது, தமிழ்நாட்டில, கேரளாவில பெட்டியில வளக்கிறதும் இதே இனந்தான். கொப்பில ஒத்தை வதை கட்டிற சின்னத் தேனீ, பெரிய மரத்தில தொங்கிற மலைத்தேனீ, சுவர் ஓட்டையில மெழுகுக் குழாய் வச்சுக்கொண்டு இருக்கிற கொசுத்தேனீ எல்லாம் இந்த வளவுக்குள்ளயே சுத்துது. அதுகளின்ர கதை பிறகு வரும்.

ஐப்பசியில மழை தொடங்கி மார்கழி மட்டும் அடிக்கேக்க பெட்டி மெலியும், பூ இல்லை, பறக்கவும் வழியில்லை. தையில வெயில் எறிக்க ராணி திரும்ப முட்டை வைக்கத் தொடங்கும், பங்குனி சித்திரையில வேம்பு பூக்கேக்க பெட்டி நிரம்பி வழியும். இந்த ரெண்டுக்கும் இடைப்பட்ட காலம் இருக்கே, புழு கனக்க, அதுக்குத் தீன் குடுக்கிற தேனீ குறைய, இந்த வருத்தம் தலைகாட்டினது அப்பதான்.

பக்கத்து ஒழுங்கையில ஒரு மாமா இருக்கிறார், சொந்த மாமா இல்லை, ஊரில எல்லாரும் மாமா எண்டுதான். அவர் ஒரு மாசி மாதம் விடியவெள்ளனக் கூப்பிட்டார், "தம்பி, புழுவை எல்லாம் இழுத்துக்கொண்டுவந்து வாசல்ல போடுதுகள், ஒருக்கா வந்து பாரன்" எண்டு. போனால் பெட்டிக்கு முன்பலகையில மஞ்சள் வெள்ளையா நாலைஞ்சு புழு கிடக்குது, எறும்பு வந்திட்டுது. மாமி பெட்டிக்காலில வேப்பங்குழை கட்டி விட்டிருக்கிறா, கண்ணூறாம். அவவை ஏன் குறை சொல்லுவான், போன வருசம் அவையின்ர பெட்டியளில எடுத்த தேனைப் பார்த்து ஊரே கண் வச்சதுதானே.

பொச்சுமட்டைப் புகை கொஞ்சம் காட்டிப்போட்டு, தேனீ வதை கட்டியிருக்கிற மரச்சட்டத்தைத் தூக்கினம். நல்ல பெட்டியில, வளந்த புழுவை உள்ளுக்கு விட்டுத் தேனீ மெழுகால மூடின அறையள் இடைவெளி இல்லாம ஒரே பரப்பாக் கிடக்கும். இதில அங்கொண்டு இங்கொண்டாத்தான் மூடியிருக்கு, மூடினதிலயும் கன மூடியில சின்ன ஓட்டை, சிலது பாதி கழட்டினபடி. உள்ளுக்குப் பார்த்தால் புழு மல்லாக்கக் கிடந்து தலைப்பக்கத்தை மேல தூக்கிக்கொண்டு நிக்குது. கொஞ்சம் வெள்ளையா, கொஞ்சம் வைக்கோல் மஞ்சளா, நாள்பட்டது தலைப்பக்கம் மண்ணிறமாக் கறுத்து. ஒரு ஈர்க்கைச் சீவி மெல்ல ஒரு புழுவுக்குக் கீழ விட்டுத் தூக்கினன், உடையாம முழுசா வந்தது, தோல் ஒரு பை, உள்ளுக்கு முழுக்கத் தண்ணி, வெளிச்சத்தில பிடிச்சால் அந்தத் தண்ணி கீழ வடிஞ்சு நிக்கிறது தெரியுது. மணம் இல்லை. சாக்புரூட் எண்டு சொல்லிற வைரஸ் வருத்தத்தின்ர அடையாளம் இதுதான்.

இதைப் பற்றீரியா வருத்தத்தோட குழப்பக்கூடாது, அதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். பற்றீரியாவில ரெண்டு வகை இருக்கு. ஒண்டில மூடிறதுக்கு முதலே சின்னப் புழு அறைக்குள்ள முறுகிக் கோணிச் சாகும், புளிச்ச மணம் ஒண்டு வரும். மற்றதில மூடின அறைக்குள்ள புழு உருகிப்போய், ஈர்க்கை விட்டு இழுத்தால் கயிறாட்டம் இழுபட்டு வரும், நாத்தம் சொல்லேலாது. வைரசில புழு உருகாது, பையாத்தான் வரும், காய்ஞ்சாலும் கறுத்த செதிலா லேசாக் கழண்டு வந்திடும். மூண்டையும் பிரிச்சறிய ஒரு ஈர்க்குக் காணும். ஒண்டுக்கும் உறுதியில்லாட்டி போட்டோ எடுத்துக்கொண்டு விவசாயத் திணைக்கள ஆக்களிட்டக் காட்டுங்கோ, தேனீ வளர்ப்புக்கெண்டு பண்டாரவளைக்குப் பக்கத்தில பிந்துனுவெவயில அவையின்ர பிரிவு இருக்கு.

இப்ப அந்தப் பைக்குள்ள இருந்த தண்ணிக்கு வருவம், முழுக்கதையும் அதுக்குள்ளதான் இருக்கு. செத்த ஒரு புழுவில இருக்கிற வைரஸ் ஆயிரத்துக்கு மேல புழுவுக்குக் காணும் எண்டு சொல்லுறவை. பெட்டிக்குள்ள துப்பரவு பாக்கிறதும் இளம் தேனீயள், சின்னப் புழுவுக்குத் தீன் குடுக்கிறதும் அதே இளம் தேனீயள். செத்த புழுவை இழுத்து வெளியில போடேக்க பை உடையும், அந்தத் தண்ணி வாயில படும், சிலது உறிஞ்சும். வைரஸ் போய்த் தேனீயின்ர தலைக்குள்ள பால் சுரக்கிற சுரப்பியில சேரும், அதே சுரப்பியில வாற பாலைத்தான் அடுத்த அறையில இருக்கிற ரெண்டு மூண்டு நாள் புழுவுக்குக் குடுக்கும். வருத்தம் வந்த புழுவைக் கண்டுபிடிச்சு இழுத்துப்போடிற நல்ல பழக்கம் இருக்குப் பாருங்கோ, கூட்டத்தைக் காப்பாத்திறதும் அதுதான், வைரசைக் காவிறதும் அதுதான்.

வளந்த தேனீயைப் பாத்தால் தெரியாது, நல்ல சுகமா இருக்கிற மாதிரித்தான் திரியும். ஆனா வைரஸ் ஏறின இளம் தேனீ மகரந்தம் தின்னிறதைக் குறைச்சிடும், புழுவைப் பாக்கிற வேலையை விட்டிட்டு வயசுக்கு முந்தியே வெளியில பறக்கத் தொடங்கும், மகரந்தமும் பெரிசாக் கொண்டு வராது. யோசிச்சுப் பார்த்தால் இது கூட்டத்துக்கு ஒருவிதத்தில நன்மை, வருத்தக்காரன் தொட்டிலடியை விட்டு வெளிய போறான். நல்ல பூக்காலம் வந்தால் சில பெட்டி தானாத் தேறிறதுக்கு இதுவும் ஒரு காரணம். இன்னொண்டு, தேனீயள் கொண்டு வாற தேனை ஒண்டுக்கொண்டு வாயால வாய்க்கு மாத்திக்கொண்டே இருக்கும், கள்ளுக்கொட்டிலில ஒரு பிளாவை எல்லாரும் சுத்திக் குடிக்கிற கணக்குத்தான், அதில ஒருத்தருக்குக் காய்ச்சல் இருந்தால் பின்னேரத்துக்குள்ள என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்.

இனி எங்கட ஒழுங்கைக்கு எப்பிடி வந்தது எண்டது. அந்த மாரிக்கு முதல் வேற மாவட்டத்திலயிருந்து ஒருத்தர் லொறியில பெட்டியள் கொண்டுவந்து வித்தவர், ஆளின்ர பேர் வேண்டாம், நல்ல மனுசன்தான், ஆனா இரவோட இரவாக் கொண்டுவந்து விடியக்காலமை இறக்கிப்போட்டுப் போறவர், ஆரும் சட்டம் தூக்கிப் பாக்கேல்லை. மாமா வாங்கினதும் அதில ஒண்டு. மாசியில மாமாவின்ர அந்தப் பெட்டி, பங்குனிக்குள்ள பக்கத்தில வரிசையா நிண்ட அவற்ற மற்றப் பெட்டியள், பேந்து ரெண்டு வீடு தள்ளி ஒரு ரீச்சர் வீட்டில. ரீச்சர் வீட்டுக்கு எப்பிடிப் போச்சுது எண்டுதான் நாங்கள் கன நேரம் மண்டையைப் போட்டு உடைச்சது, ஏனெண்டால் அவ ஆரிட்டயும் பெட்டி வாங்கேல்லை, சட்டமும் வாங்கேல்லை. பிறகு அவவின்ர கிணத்தடியில பார்த்தால் ஒரு பெரிய பேசினில சீனித்தண்ணி வச்சுத் தென்னஞ்சிராய் மிதக்க விட்டிருக்கிறா, ஊரில இருக்கிற தேனீ எல்லாம் வந்து குடிக்கட்டும் எண்டு. புண்ணியமான வேலைதான், ஆனா மாமாவின்ர பெட்டித் தேனீயும் அவவின்ர பெட்டித் தேனீயும் ஒரே பேசினில வாய் வைக்குது. இதுதான் வழி எண்டு கோட்டில நிறுவேலாது, எண்டாலும் நான் பந்தயம் கட்டச் சொன்னால் பேசினிலதான் கட்டுவன்.

அதைவிட இன்னும் ரெண்டு வழி இருக்கு, ரெண்டும் பெட்டியை வைக்கிற விதத்தால வாறது. ஒண்டு, வழி மாறிப் போறது. ஒரே நிறப் பெட்டியை ஒரே திசை பார்த்து நெருக்கமா வரிசைக்கு வச்சால் வெளியில போட்டு வாற தேனீ பக்கத்து வீட்டு வாசலால உள்ளுட்டிடும், அதிலயும் சோளகக் காத்து அடிக்கேக்க சொல்லத் தேவையில்லை, காத்து வரிசையின்ர ஒரு தொங்கலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். வயித்தில தேனோட வந்தால் வாசல் காவல் பெரிசா மறிக்காது. ஐரோப்பியத் தேனீயில செய்த ஒரு ஆய்வு 2020ல வந்தது, இஸ்ரேல் வாத வைரஸ் எண்டு ஒண்டு ஏறின தேனீயைத் தன்ர பெட்டியில இருக்கிறதுகள் தள்ளி வைக்குதுகளாம், ஆனா வேற பெட்டி வாசலில காவல் தேனீ அதைச் சுகமான தேனீயை விடக் கூடுதலா உள்ளுக்கு விடுதாம். வைரஸ் என்ன மாதிரி வழி கண்டுபிடிக்குது பாருங்கோ. மற்ற வழி கொள்ளை. பூ இல்லாத காலத்தில மெலிஞ்ச பெட்டியைப் பலமான பெட்டி போய் அடிச்சுத் தேனைக் கொண்டு வரும், மெலிஞ்ச பெட்டி ஏன் மெலிஞ்சது? வருத்தத்தால. வெண்ட பெட்டி தேனோட வருத்தத்தையும் சுமந்துகொண்டு வருது.

ஒழுங்கையின்ர கடைசி வீட்டில ஒரு அப்பு இருக்கிறார், எண்பதைத் தாண்டின மனுசன், பெட்டி ஒண்டும் இல்லை, பழைய காலத்து மண் முட்டியள்தான் வேப்பமரத்து நிழலில படுக்க வச்சிருக்கிறார். வருசத்துக்கு ஒருக்காத் தேன் எடுப்பார், மற்ற நேரம் கிட்டவும் போகமாட்டார். அந்த முட்டியளில அந்த வருசம் பெரிய இழப்பு இல்லை. முட்டி விசேசமான சாமான் எண்டு நான் நம்பேல்லை. அதில சட்டத்தை உருவி இன்னொண்டில செருகேலாது, அவ்வளவுதான். பெட்டி வந்ததில நாங்கள் எல்லாரும் கெட்டிக்காரர் ஆகிட்டம், இதில புழுச்சட்டம் கூட, அதில குறைவு, இதைத் தூக்கி அதில வை, அது மெலிஞ்சிட்டுது, ரெண்டையும் சேர்த்து விடு எண்டு. வருத்தம் இல்லாத காலத்தில அது நல்ல முறை. வருத்தக் காலத்தில அதை மாதிரிக் கெதியா வைரசைக் கொண்டு போற வாகனம் வேற இல்லை, ஒரு சட்டத்தில நூற்றுக்கணக்கான புழுவும் அதுக்குத் தீன் குடுக்கிற தேனீயும் சேர்ந்து போகுது.

இது எங்கட ஊருக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. எங்கட நாட்டுத் தேனீயை அடிக்கிற சாக்புரூட்டைத் தாய்லாந்தில 1976ல கண்டுபிடிச்சவை, அதால தாய்லாந்து சாக்புரூட் எண்டே பேர் வச்சிட்டினம். ஐரோப்பியத் தேனீயில இருக்கிற சாக்புரூட்டுக்கு இது சொந்தக்காரன், அதை வைரஸ் எண்டு அமெரிக்காவில வைற் எண்டவர் 1913லயே காட்டிப்போட்டார், ஆனா அங்க அது பெரிசாக் கூட்டத்தைக் கொல்லிறதில்லை, இங்க கொல்லுது. இந்தியாவில வடகிழக்குப் பக்கம் முதல் வந்து, 1991, 92ல கேரளாவுக்கும் கன்னியாகுமரிப் பக்கத்துக்கும் இறங்கிச்சுது. நாங்கள் இடம்பெயர்ந்து தமிழ்நாட்டில இருந்த காலத்தில மார்த்தாண்டத்தில ஒரு பழைய தேனீக்காரரோட பழக்கம், ரப்பர்த் தோட்டத்துக்குள்ள பெட்டி வச்சு அந்தப் பக்கத்தில கன குடும்பம் அதிலதான் சீவியம். அவர் சொன்னது நூறு பெட்டி வச்சிருந்தவனிட்ட அஞ்சு பெட்டி மிஞ்சினதாம், வெறும் பெட்டியை அடுப்புக்கு விறகா எரிச்சவையும் இருக்கினமாம். தென்னிந்தியாவில நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல கூட்டம் அழிஞ்சது எண்டு எழுதினவையும் இருக்கினம். ஆனா அவர் அழுத்திச் சொன்ன விசயம் வேற. "மிஞ்சினதை வச்சுத்தான் திரும்பப் பெருக்கினம், வெளியில வாங்கப் போனவன் ரெண்டாந்தரமும் இழந்தான்" எண்டார். அதை நான் அப்ப கதையாத்தான் கேட்டது, மாமாவின்ர வளவில நிக்கேக்கதான் அது எவ்வளவு பெறுமதி எண்டு விளங்கிச்சுது.

நாங்கள் செய்தது என்னெண்டால், முதல் வேலையா ஒருத்தரும் ஒரு சட்டமும் மாத்திறதில்லை எண்டு ஒழுங்கை முழுக்கப் பேசிக்கொண்டம். ரீச்சரின்ர பேசின் கவிண்டுது, அவவுக்குக் கொஞ்சம் கவலைதான். சீனிப்பாணி குடுக்கிறதெண்டால் அந்தந்தப் பெட்டிக்குள்ள, பொழுதுபடேக்க, விடியிறதுக்குள்ள குடிச்சு முடிக்கிற அளவு, அவ்வளவுதான். தேன் வாங்கிக் கரைச்சு வைக்கவே கூடாது, எந்தப் பெட்டித் தேன் எண்டு ஆருக்குத் தெரியும். வாசலை ஒரு தேனீ ரெண்டு தேனீ போற அளவுக்குச் சின்னதாக்கினம், கொள்ளைக்கு அதைவிட லேசான மறிப்பு இல்லை.

பிறகு ராணி. இதுதான் மாமாவுக்குப் பயம் வந்த இடம். வைரசுக்குத் தேவை இளம் புழு. புழுவே இல்லாட்டி அது பெருகிற வேகம் விழுந்திடும். ராணியைச் சின்னக் கம்பிவலைக் கூட்டுக்குள்ள அடைச்சு அதே பெட்டிக்குள்ள சட்டத்துக்கு நடுவில வச்சம், தேனீயள் வலைக்குள்ளால தீன் குடுக்கும், முட்டை மட்டும் வைக்கேலாது. முட்டையிலயிருந்து வேலைக்காரத் தேனீ வெளிய வர மூண்டு கிழமைக்குக் கொஞ்சம் குறைய எடுக்கும், அதால மூண்டு கிழமை அடைச்சால் உள்ளுக்கு இருந்த நல்ல புழு எல்லாம் தேனீயாகி வந்திடும், செத்ததைத் துப்பரவாக்கி முடிச்சிடும். அந்த இடைவெளிக்குள்ள கறுத்துப்போன பழைய வதையை வெட்டி எடுத்து உருக்கினம். காய்ஞ்ச செதிலுக்குள்ள இந்த வைரஸ் கொஞ்சக் கிழமையில வலுவிழந்திடும், பற்றீரியா வித்து மாதிரி வருசக்கணக்கில கிடக்கிற சாமான் இல்லை, அது எங்களுக்கு நல்லகாலம். ஒரு கரைச்சல், எங்கட தேனீ கோவக்காரச் சாதி, உள்ளுக்கு நிலைமை சரியில்லை எண்டால் ஒருநாள் மத்தியானம் ராணியோட மொத்தமா எழும்பிப் போயிடும். ராணி கூட்டுக்குள்ள இருக்கிறதால அதுக்கும் ஒரு மறிப்பு, ஆனா சீனிப்பாணி குறையாமப் பாக்கவேணும்.

ரெண்டு பெட்டிக்கு ராணியையே மாத்தினம், தாக்குப்பிடிச்சு நிண்ட பெட்டியின்ர ராணிக்குஞ்சை வச்சு. எந்தப் பெட்டி தாக்குப்பிடிக்குது எண்டு பாக்கிறதுக்குக் கண் வேணும், தேன் கூட வாற பெட்டியைத்தான் எல்லாரும் பெருக்கப் பாக்கினம். நான் பாக்கிறது வேற, செத்த புழுவை எவ்வளவு கெதியா இழுத்துப் போடுது எண்டு. மூடின அறையில கொஞ்சத்தை ஊசியால குத்தி விட்டிட்டு அடுத்தநாள் போய்ப் பாருங்கோ, கெட்டிக்காரப் பெட்டி அந்த இடத்தை வெறுமையாக்கி வச்சிருக்கும், சோம்பேறிப் பெட்டியில செத்தது அப்பிடியே கிடக்கும்.

உளி, கத்தி, கை. உளியை அடுத்த பெட்டிக்குப் போக முதல் நெருப்பில வாட்டுங்கோ, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. வருத்தப் பெட்டியைக் கடைசியாத் திறவுங்கோ. செத்த புழுவை நிலத்தில எறியாதேங்கோ, குழி வெட்டித் தாட்டுவிடுங்கோ, இல்லாட்டி எரியுங்கோ. ஏனெண்டால் எறும்பு. தேனீ வைரஸ் சிலது எறும்பிலயும் கண்டுபிடிச்சிருக்கினம், செத்த தேனீயையும் புழுவையும் தின்னப் போய் ஏறினது. குளவிக்கும் அதே கதை. எங்கட வளவில எறும்பு செத்த புழுவைக் காவிக்கொண்டு அடுத்த பெட்டிக்காலுக்குக் கீழால ஊர்ந்து போறதைப் பார்த்த பிறகுதான் எல்லாப் பெட்டிக்காலையும் தண்ணிச் சிரட்டைக்குள்ள வச்சது.

பூவும் ஒரு சந்திதான். ஒரு முருங்கைப்பூவில விடியக் கொசுத்தேனீ, பிறகு எங்கட தேனீ, வெயில் ஏறப் பெரிய கறுப்புத் தச்சன் தேனீ எண்டு மாறி மாறி வரும். தேனீ கால்ல உருட்டிக் கொண்டு வாற மகரந்த உருண்டைக்குள்ளயே வைரஸ் இருக்கிறதை ஆய்வில கண்டிருக்கினம், நோய் பட்ட தேனீ வந்து போன பூவிலயும் கண்டிருக்கினம். பிரித்தானியாவில 2014ல வந்த ஆய்வு ஒண்டு, வளப்புத் தேனீயில இருக்கிற இறகு கோணல் வைரஸ் அங்கத்தக் காட்டு வண்டுத்தேனீயிலயும் இருக்கு எண்டு காட்டிச்சுது, ஒரே இடத்தில எடுத்ததில ரெண்டிலயும் ஒரே மாதிரி வைரஸ். பூவை நாங்கள் பூட்டி வைக்கேலாது. ஒரே வளவுக்குள்ள பெட்டியை அளவுக்கு மிஞ்சி அடுக்காம விடலாம், அவ்வளவுதான் எங்கட கையில இருக்கு.

இறகு கோணல் வைரஸ் எண்டேக்க உண்ணியைப் பற்றிச் சொல்லவேணும், ஏனெண்டால் "இத்தாலித் தேனீ கொண்டு வந்தால் பத்து மடங்கு தேன்" எண்டு ஒவ்வொரு வருசமும் ஒருத்தர் வந்து நிப்பார். வரோவா எண்ட அந்தச் சிவத்த உண்ணி உண்மையில எங்கட இனத் தேனீயின்ர உண்ணி. எங்கட தேனீ அதோட பழகிட்டுது, பிடிச்சுக் கடிச்சுப் போடும், உண்ணியும் இதுகளிட்ட ஆண் தேனீ அறைக்குள்ளதான் பெருகும். அந்த இத்தாலித் தேனீயும் சேர்ந்த ஐரோப்பியத் தேனீக்குப் போன நூற்றாண்டில அது தாவிச்சுது, அதுக்கு இந்தப் பழக்கம் ஒண்டும் தெரியாது, வேலைக்காரத் தேனீயின்ர அறைக்குள்ளயும் உண்ணி பெருகிச்சுது. உண்ணி வர முதல் இறகு கோணல் வைரஸ் வாயால மெல்லப் போய்க்கொண்டிருந்த சாதுவான சாமான், உண்ணி வந்தாப்பிறகு ஊசியால ஏத்தின கணக்கு உடம்புக்குள்ள நேர போகுது. ஹவாய்த் தீவுகளில வடிவாத் தெரிஞ்சது, 2007ல உண்ணி வந்து சேர்ந்துது, உண்ணி இல்லாத இடத்தில பத்தில ஒரு பெட்டியில இருந்த வைரஸ் உண்ணி வந்த இடத்தில கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலயும், அதிலயும் கன விதமா இருந்த வைரஸ் போய் ஒரே விதம் மட்டும் மிஞ்சிச்சுது. அவுஸ்திரேலியாவில 2022 ஆனியில நியூகாசில் துறைமுகத்தில உண்ணியைக் கண்டது. சிட்னிப் பக்கம் என்ர மச்சான் ஒருத்தன் பெட்டி வச்சிருக்கிறான், அந்த நேரம் போன் எடுத்து அழாக்குறையாக் கதைச்சான், உண்ணி கண்ட இடத்தைச் சுத்திப் போட்ட சிவப்பு வலயத்துக்குள்ள வந்த பெட்டியளை எல்லாம் அரசாங்கம் அழிச்சுக்கொண்டு வந்தது, 2023 புரட்டாதியில இனி ஒழிக்கேலாது, சமாளிச்சு வாழவேணும் எண்டு முடிவெடுத்திட்டினம். ஆரும் ஆசை காட்டி வெளித்தேனீ எண்டு வந்தால் இதைச் சொல்லி அனுப்பிவிடுங்கோ.

தேனீயை விட்டிட்டு ஒருக்காத் தோட்டத்துக்கும் போய்ப்போட்டு வருவம், அங்க வைரஸ் எங்கட பக்கம் நிண்டு வேலை செய்யுது. வெங்காயத் தாளில பச்சைப்புழு விழுறது உங்களுக்குத் தெரியும். சிலநேரம் அந்தப் புழு தாள் நுனிக்கு ஏறித் தலைகீழாத் தொங்கிக் கறுத்துச் செத்துக் கிடக்கும், தொட்டால் தோல் கிழிஞ்சு உள்ளுக்கு இருந்தது எல்லாம் வடியும். அதுவும் ஒரு வைரஸ்தான், என்பிவி எண்டு சொல்லுவினம். சாகிறதுக்கு முதல் புழுவை உச்சிக்கு ஏற வைக்கிறதே வைரஸ்தான், மேல இருந்து வடிஞ்சால் கீழ் இலை எல்லாத்திலயும் படும், அதைத் தின்னிற அடுத்த புழு மாட்டும். வெயிலில இது கெதியாச் செத்திடும், அதால இந்த வைரசைத் தெளிக்கிறவை பொழுதுபடத்தான் தெளிக்கிறவை. என்பிவி தேனீக்கு ஒண்டும் செய்யாது, பூச்சி எண்ணெய் அடிக்கிறதை விட எனக்கு அது ஆயிரம் மடங்கு சந்தோசம்.

தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டுக்கும் ஒரு வைரஸ் இருக்கு, மலேசியாவில 1963ல கண்டுபிடிச்சது, 1967ல சமோவாத் தீவில கொண்டுபோய் விட்டினம், வண்டு கனக்கக் குறைஞ்சுது. வருத்தம் வந்த வண்டு உடன சாகாது, பறந்து திரியும், குருத்துக்குள்ளயும் குப்பைக்குள்ளயும் போய்க் கழியும், அந்தக் கழிவாலதான் மற்ற வண்டுக்கும் குப்பைக்குள்ள இருக்கிற புழுவுக்கும் போகுது. தேனீயிலயும் வண்டிலயும் பாருங்கோ, சுகமா இருக்கிற மாதிரித் திரியிற பூச்சிதான் வைரசைக் கூடுதலாக் கொண்டு போறது.

மாமாவின்ர வளவில அந்தச் சித்திரைக்குப் பிறகு மிஞ்சினதுகள் இப்ப தள்ளித் தள்ளி, வெவ்வேற திசை பார்த்து, ஒவ்வொண்டுக்கு ஒவ்வொரு நிறம் அடிச்சு நிக்குது. லொறியில வாங்கின பெட்டி தப்பேல்லை. ரீச்சருக்குப் பெட்டி பிழைச்சுது, அவ ஏன் பிழைச்சுது எண்டு கேட்டால் பூதவராயர் சாமியைத்தான் கைகாட்டுறா. புதுசாக் கூட்டம் ஆரும் பிடிச்சால், முட்டியில வந்து தானா ஏறினதெண்டாலும், நேர வளவுக்குக் கொண்டு வாறதில்லை. கொடிகாமத்தில எங்கட சித்தப்பாவின்ர தென்னந்தோட்டத்தில முட்டை வச்சுத் தேனீயாகி வாற ஒரு புழு வட்டம் முழுக்க முடியும் மட்டும் தனிய விட்டுப் பார்த்துப்போட்டுத்தான் இங்க. எழும்பி வாற கூட்டம் ஏன் எழும்பி வந்தது எண்டு அதுக்குத்தான் தெரியும்.

தேன் தின்னலாமோ எண்டும் கேக்கினம். தின்னலாம், இந்த வைரஸ் ஒண்டும் மனுசருக்கு வாறதில்லை. தேனீக்கு மட்டும் திருப்பிக் குடுக்காதேங்கோ.

பெட்டி வாங்கப் போறவை காசு எண்ண முதல் நடுச்சட்டத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கோ, மூடின அறையளில ஓட்டை இருக்கோ, இடைக்கிடை வெறுமையா இருக்கோ எண்டு வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, பெட்டிக்கு முன்னால நிலத்தையும் ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோ. விக்கிறவர் "இப்ப திறக்கேலாது, கோவத்தில நிக்குதுகள்" எண்டு சொன்னால் பரவாயில்லை அண்ணை, கோவம் ஆறினாப்பிறகு வாறன் எண்டு சொல்லிப்போட்டுச் சைக்கிளை எடுங்கோ.